ஈரல் நிறச் சதுரம்

ஆர்லிஸ் டாலப்சனுக்கு எஜமான் அவளுடைய மூக்குதான். மூக்கு வேண்டாம் என்றால் கால் அந்தப் பக்கம் போகாது. பேக்கரி வாசலில் நின்றபடியே, டோனட் பொரித்த எண்ணெய் நேற்றையது என்று கண்டுபிடித்து, உள்ளே போகாமல் திரும்பிவிடுவாள். மினசோட்டாவில் ஏரியை ஒட்டிய அந்தச் சின்ன ஊரில் இதற்காக யாரும் அவளைக் கோபித்துக்கொண்டதில்லை. அங்கே முகத்துக்கு நேரே கோபிக்கும் வழக்கமே கிடையாது. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்வார்கள்.

பிறந்தது பால்பண்ணையில். சாணமும் புளித்த தீவனமும் உடுப்பிலும் தலைமயிரிலும் ஏறி, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. பள்ளிக்கூட பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து சீட் எப்போதும் காலியாகத்தான் இருக்கும். படிப்பு முடிந்த கையோடு பண்ணையை விட்டு ஓடி, பல் சுத்தம் செய்யும் வேலை கற்றுக்கொண்டாள். நாற்றத்துக்குப் பயந்து ஓடியவள் ஊரார் வாயில் போய் விழுந்தாள் என்று அவளுடைய சிநேகிதி ஜோலீன் இன்றைக்கும் கேலி செய்வாள். கட்டிய புருஷன் டுவேன் நல்லவன்தான். ஆனால் புகையிலையை உதட்டுக்கடியில் அதக்கிக்கொண்டு காலி கோலா பாட்டிலில் துப்புகிறவன். ஒரு நாள் காரில் போகும்போது, தாகத்தில் அவள் பார்க்காமல் அந்த பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டாள். குடித்தனம் அதோடு முடிந்தது.

அதன்பிறகு அவளுக்குத் துணை குவில்ட்தான். துண்டுத் துணிகளைச் சதுரம் சதுரமாகச் சேர்த்துத் தைக்கும் போர்வை. புதுத் துணியின் கஞ்சி வாசனை ஒன்றுதான் உலகத்தில் அவள் நெஞ்சு நிறைய இழுக்கிற வாசனை. தேவாலயத்துப் பெண்கள் தைக்கும் கோழிப் படம், பூனைப் படம், ரோஜாப்பூ எல்லாம் அவளுக்குக் குமட்டும். அவளுக்கு வேண்டியது வெறும் நிறங்கள், நேர்க்கோடு, நிறைய வெற்றிடம். ஆனால் நகரத்தில் கோடையில் நடக்கும் பெரிய கண்காட்சிக்கு இரண்டு வருஷம் தொடர்ந்து அனுப்பி, இரண்டு தடவையும் திரும்பி வந்தது. “வடிவம் அருமை, நிறங்கள் தூங்குகின்றன” என்று எழுதியிருந்தார்கள். இந்த வருஷமாவது ஒரு பரிசு ரிப்பன் வாங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் தையல் மெஷினை விற்றுவிட வேண்டும் என்று ஜோலீனிடம் சொல்லிவிட்டாள்.

புதுச் சதுரம் ஒன்றை வரைந்தாள். சாம்பல் நிறத் தரை. அதில் மூலையிலிருந்து சரிந்து வரும் அகலமான அடர்நீலப் பட்டை. அதை ஒட்டிப் பவள நிறத்தில் ஒரு கீற்று. எதிர் மூலையில் நகத்தளவு ஈரல் நிறம். அந்த ஈரல் நிறத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்து வேறு என்னவோ என்று நினைத்து வாங்கியிருந்தாள். கசாப்புக் கடைத் தட்டில் நேற்றிலிருந்து கிடந்த நிறம். பணம் கொடுத்த பாவத்துக்கு மூலையில் ஒளித்து வைத்தாள்.

ஆர்லிஸோடு சேர்த்து நாலு பேர் ஒரு கூட்டு. மாதம் ஒருத்தி தன் சதுரத்தையும் துணியையும் கொடுக்க, மற்றவர்கள் தைத்துத் தரவேண்டும். இந்த மாதம் ஆர்லிஸின் முறை. போர்வை முடிந்ததும் பின்பக்கம் ஒரு துணிச்சீட்டில் தைத்தவர்கள் எல்லோருடைய பெயரையும் எழுதுவது முறை. ஜோலீன், மார்சி, அப்புறம் புதிதாகச் சேர்ந்த கொலெட். கொலெட் ஏரிக்கரையில் தூண்டில் புழு விற்கும் கடையில் வேலை பார்க்கிறவள். சக்கரம் வைத்த வண்டிவீட்டில் அம்மாவோடு இருக்கிறாள்.

கொலெட் அனுப்பிய பையைப் பிரித்தபோது ஆர்லிஸ் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். சிகரெட். புதிதாக இல்லை, வருஷக்கணக்கில் சுவரில் படிந்து, மஞ்சளாகி, வியர்த்த சிகரெட். உள்ளே இருந்த இரண்டு சதுரங்களையும் விரல் நுனியால் தூக்கி மேஜையில் போட்டுவிட்டு ஜோலீனுக்குப் போன் போட்டாள்.

“அந்தப் புழுக்கடைக்காரி என் துணிய என்ன பண்ணி வெச்சிருக்கா தெரியுமா? சாம்பல் கிண்ணத்துல ஊறப்போட்டுத் தெச்சிருக்காடி!”

“அவ சிகரெட்டு குடிக்கிறதில்ல, அவங்க அம்மாதான். ஆக்சிஜன் குழாயக் கழட்டி வெச்சிட்டுக் குடிக்குதாம் அந்தக் கெழவி.”

“யாரு குடிச்சா எனக்கென்ன? நாத்தம் நாத்தந்தான். நெறத்தையும் மாத்திப் போட்டிருக்கா. நீலத்த மூலைல வெச்சு, அந்த ஈரலப் பட்டையா நடுவுல ஓட்டியிருக்கா. கண்ணு எங்கடி வெச்சிருக்கா இவ?”

“சரி, சுவத்துல ஒட்டிப் பாரு. அப்புறம் திட்டு.”

துணி தானாக ஒட்டிக்கொள்ளும் வெள்ளை ஃபிளானல் அடித்த சுவரில் மற்றச் சதுரங்கள் ஏற்கெனவே வரிசையாக ஒட்டியிருந்தன. அவற்றுக்கு நடுவில் இந்த இரண்டையும் இடுக்கியால் எடுத்து வைத்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு அறையின் கடைசிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தாள். பார்த்தவள் கையை மூக்கிலிருந்து எடுக்க மறந்துவிட்டாள். நீலத்தோடு இத்தனை நாளும் மல்லுக்கட்டிக் களைத்துக் கிடந்த பவளக் கீற்று, அழுக்கு நிறத்துக்குப் பக்கத்தில் வந்ததும் தணல் மாதிரி எரிந்தது. அந்த இரண்டு சதுரங்களும் இருட்டுத் தெருவில் விளக்குப் போட்ட இரண்டு ஜன்னல்கள். சுற்றியிருந்த நீலம் முழுவதும் அவற்றுக்காகவே காத்திருந்ததுபோல் விழித்துக்கொண்டது. எடுத்துப் பார்த்தாள், செத்துப்போயிற்று. மறுபடி வைத்தாள், உயிர் வந்தது. தனக்கு வராதது புழு எண்ணிய கைக்கு வந்துவிட்டதே என்று எரிச்சலில் பல்லைக் கடித்தாள்.

நாற்றத்தைப் போக்க என்னவெல்லாமோ செய்தாள். கொல்லைக் குளிரில் தொங்கவிட்டாள், சமையல் சோடாவில் புதைத்தாள். போகவில்லை. தைத்த சதுரத்தைத் தண்ணீரில் போட்டால் ஓரம் பிரிந்து கோணிக்கொள்ளும். சிகரெட் வாடை அடிக்கும் குவில்ட்டைக் கண்காட்சியில் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். கடைசியில் புதுத்துணி வெட்டி, கொலெட் வைத்த இடத்திலேயே நிறங்களை வைத்து, அதேபோல் இரண்டைத் தானே தைத்துக்கொண்டாள். கொலெட் தைத்ததைக் குப்பைப் பையில் போட்டு வாயை முடிச்சுப் போட்டாள். போர்வை முடிந்ததும் பின்பக்கத்துச் சீட்டில் தன் பெயரோடு ஜோலீன் பெயரும் மார்சி பெயரும் மட்டும் எழுதினாள். கொலெட் தைத்த ஒரு நூல்கூட இதில் இல்லை, பிறகு பெயர் எதற்கு என்று தனக்குத்தானே வாதாடி ஜெயித்தும்விட்டாள். வாதாடிய வக்கீலும் அவளே, ஜட்ஜும் அவளே.

கோடையில் ஐஸ் உருக்கிவிட்ட ஹாக்கி அரங்கத்தில் கண்காட்சி. ஆர்லிஸின் குவில்ட்டுக்கு முதல் பரிசு, நீல ரிப்பன். நடுவர்கள் அந்த இரண்டு சதுரங்களைத் தனியாகக் குறிப்பிட்டுப் புகழ்ந்திருந்தார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுத்துக்கொண்டு அவள் நின்றபோது, காற்றில் அந்த வாடை வந்தது. திரும்பினால் கொலெட். வேலைக்குப் போடும் சட்டையோடு ஓடி வந்திருந்தாள்.

“ஆர்லிஸ்! என்னுத வெச்சிட்டீங்களா! ஐயோ, தூக்கிப் போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன். நெறத்த மாத்தி வெச்சுப் பாத்தேன், அப்படியே விட மனசு வரல. உங்க கிட்ட கேக்காம பண்ணிட்டேனேன்னு இத்தன நாளா கூச்சமா இருந்துச்சு.”

“நல்லாத்தான் இருந்துச்சு,” என்றாள் ஆர்லிஸ்.

“முனையெல்லாம் கூட சேத்து வெச்சிருக்கீங்க. என் தையலு இவ்ளோ ஒழுங்கா வராது.” கொலெட் சதுரத்துக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோய் மூச்சை இழுத்தாள். “வாடையே இல்ல! எங்க வீட்டுச் சாமான்ல அது போவவே போவாதே. எப்படிப் போக்குனீங்க?”

உண்மையைச் சொல்ல அதுதான் சமயம். ஆர்லிஸுக்கும் அது தெரிந்தது.

“வினிகர்,” என்றாள்.

“வினிகரா! அம்மா கிட்ட சொல்றேன்.” கொலெட்டுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குவில்ட்டைத் தொட்டுக் காட்டுவதற்காகப் பக்கத்தில் வெள்ளைக் கையுறையோடு நின்ற தொண்டர் அம்மாவைக் கூப்பிட்டாள். “கொஞ்சம் பின்பக்கம் காட்டுங்களேன். என் பேரு இருக்கும். ஒரு போட்டோ எடுத்துக்கறேன், அம்மாவுக்குக் காட்டணும்.”

“இரும்மா, இப்ப வேணாம்...” என்று ஆர்லிஸ் சொல்லி முடிப்பதற்குள், கையுறை அம்மா குவில்ட்டின் மூலையை நோகாமல் திருப்பிவிட்டாள்.

கொலெட் போனை உயர்த்திப் பிடித்தபடி சீட்டைப் படித்தாள். மறுபடி மேலிருந்து படித்தாள். போன் மெதுவாகக் கீழே இறங்கியது. தலையைத் திருப்பி, முன்பக்கத்துத் தையலை நிதானமாக ஒருமுறை பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

தன் சட்டைக் கையைத் தூக்கி முகர்ந்து பார்த்தாள்.

“நான் கொஞ்சம் தள்ளி நிக்கறேன்,” என்றாள். “துணில ஏறிடப் போவுது.”

சொன்னபடி அவள் குவில்ட்டைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள். யாரோ வந்து ஆர்லிஸின் கையைக் குலுக்கி, அந்த நிறத்தை அங்கே வைக்க எப்படித் தோன்றியது என்று கேட்டார்கள். ஆர்லிஸ் தன் கையைப் பார்த்தாள். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.