தொலைக்காட்சிக்குத் தமிழ் கற்றுக்கொடுத்த மழைக்காலம்

போன மழைக்காலம் முழுவதும் எங்கள் பெஹாலா வீட்டில், ஆளில்லாத கூடத்தில் தமிழ்த் தாலாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கேட்க யாரும் இல்லை. தொலைக்காட்சி கற்றுக்கொள்ளட்டும் என்று நான்தான் போட்டுவிட்டிருந்தேன்.

காரணம் என் மகள். நான்கு வயது. அவளைப் பார்த்துக்கொள்ளும் மாஷி வங்காளி, பள்ளியில் வங்காளம், கீழ்வீட்டுத் தோழிகளும் அப்படியே. அவள் அப்பா தமிழில் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். பதில் வங்காளத்தில் வரும். மூன்று தலைமுறையாக இந்த வங்காள ஊரில் பிழைத்துவந்த எங்கள் தமிழ் என்னோடு நின்றுவிடுமோ என்று எனக்குப் பயம். வெட்கமும்தான்.

தொலைக்காட்சியைத் திறந்தால் முதலில் வந்து நிற்பவை வங்காளக் கார்ட்டூன்கள். நாம் எதைப் பார்க்கிறோமோ அதையே அது மேலும் மேலும் கொண்டுவந்து கொட்டும் என்று அலுவலகத் தோழி ஒருத்தி சொன்னாள். அப்படியானால் ஏமாற்றித்தான் பார்ப்போமே என்று, மகள் பள்ளிக்குப் போனதும் தமிழ்ப் பாட்டாகப் போட்டுவிட்டு, பக்கத்து அறையில் கணினி முன் உட்கார்ந்துவிடுவேன். சாரலுக்காகப் பச்சைப் பலகை ஜன்னல்களைச் சாத்தியிருப்பேன். அரை இருட்டில் யாரோ ஒருத்தி யாருடைய குழந்தைக்கோ பாடுவாள். எனக்கே கண் சொக்கும். அலுவலகக் கடிதம் பாதியில் நிற்க, நான் பார்த்தேயிராத ஏதோ ஓர் ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருப்பேன். அங்கே மழைகூடத் தமிழில்தான் பெய்யும்.

பத்து நாளில் பலன் தெரிந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. தமிழ் வந்தது, கூடவே பேய்க் கதை வந்தது, கொலைச் செய்தி வந்தது, மேசையைத் தட்டிக் கத்தும் ஆட்கள் வந்தார்கள்.

அதன் பிறகு மதியங்களில் களை எடுப்பதே வேலையாகிவிட்டது. மகள் சாப்பிட்டுவிட்டு என் மடியில் தலைவைத்துக் கிடப்பாள். நான் ரிமோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் 'விருப்பமில்லை' என்று அழுத்துவேன். எனக்குக் கை வேலை செய்தால் வாயும் சேர்ந்து வேலை செய்யும். பெருமூச்சு விட்டு, "இது நமக்கு வேண்டாம்ப்பா. வேற பாக்கலாம்" என்று தொலைக்காட்சியிடம் சொல்வேன். அது ஒரு நாளில் கேட்கிற ஜாதியா? மறுநாளும் பேய் வரும், மறுநாளும் சொல்வேன்.

மழை ஓயும் நேரத்தில் ஒருவழியாகத் திரை சுத்தமானது. அருவி, அணில், ஆத்திசூடி. மகள் எல்லாவற்றையும் கண் விரியப் பார்த்தாள். பார்த்துவிட்டு மாஷியிடம் வங்காளத்தில் கதை சொன்னாள். எனக்கு மனம் விட்டுப்போனது.

பூஜைப் பண்டிகைக்குத் துணி எடுக்க அவளைக் கரியாஹாட் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனேன். நடைபாதைக் கடைக்காரர் ஜிகினா வைத்த கவுன் ஒன்றை உதறி விரித்தார். என் மகள் அதை மேலும் கீழும் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"இது நமக்கு வேண்டாம்ப்பா. வேற பாக்கலாம்."

கடைக்காரர் என்னைப் பார்த்து, "கீ போல்ச்சே, திதி?" என்றார். என்ன சொல்கிறாள் அக்கா என்று கேட்கிறார். எனக்கு அழுகைதான் வந்தது. என் மகள் முழுதாகப் பேசிய முதல் தமிழ் அது.

அத்தனை தாலாட்டில் ஒரு வரிகூட அவளிடம் ஒட்டவில்லை. ஒட்டியது என் முணுமுணுப்பு. யோசித்தால், சாப்பிடு, தூங்கு என்பதைக்கூட அவளிடம் நான் வங்காளத்தில்தான் சொல்லிவந்திருக்கிறேன், மாஷிக்கும் புரியட்டும் என்று. தமிழைத் தொலைக்காட்சியிடம் பேசியிருக்கிறேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவள் நான்தான்.

திரும்பும் பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. தூறலில் கடை விளக்குகள் கரைந்து கரைந்து பின்னால் போயின. மகளை மடியில் வைத்துக்கொண்டு, "ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்" என்று ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு, ரிமோட்டை அழுத்துவதுபோல, என் முழங்கையில் ஒரு விரலை வைத்து அழுத்தினாள்.

"இது நமக்கு வேண்டாம்ப்பா."

வீடு வர இன்னும் நேரம் இருந்தது. "சரி, வேற பாக்கலாம்" என்றேன். "ஒரு ஊர்ல ஒரு டிவி இருந்துச்சாம். அதுக்குத் தமிழே தெரியாதாம்."

விரலை அவள் எடுக்கவில்லை. ஆனால் அழுத்தவும் இல்லை.