செலியமேட்டில் நெருப்புக் கொடுக்கத் தடை போட்டேன்

பாகூர் கொம்யூன், அதாவது ஊராட்சி, அலுவலகத்தைப் பிரெஞ்சு வழக்கப்படி மேரி என்போம். அதன் தலைவர் மேர். நான் குமாஸ்தாவாகச் சேர்ந்த அன்றே மேர் கூப்பிட்டார்.

"மேக்காத்து கெளம்பிடுச்சி. செலியமேட்டுல ஒரு கூரை பத்திக்கிச்சின்னா தெருவே போய்டும். போய் இன்னா செய்யணுமோ செய்யி."

போனேன். முப்பத்து நான்கு வீடுகள், அத்தனையும் கூரை. வாசலுக்கு இரண்டு குடம் தண்ணீர், எரியும் கூரையைப் பிடுங்க ஒரு துறட்டி வேண்டும் என்றேன். சரி என்றார்கள். அத்துடன் நான் திரும்பியிருக்கலாம். அப்போது பார்த்து அஞ்சலை என்ற பெண், கொட்டாங்கச்சியில் கனலும் வறட்டித் துண்டோடு தெருவைக் கடந்தாள். பொறி பறந்தது. அவளை மறித்தேன்.

"இன்னாம்மா இது?"

"நெருப்பு வாங்கினு போறேன்யா. அடுப்பு மூட்ட வாணாவா?"

"இனிமே யாரும் யாருக்கும் நெருப்பு குடுக்கக் கூடாது. மேரி உத்தரவு."

"அப்ப தீப்பெட்டி நீ வாங்கித் தர்றியா?" என்றாள். தெருவே சிரித்தது. நான் முறைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம், மதியம், என் உத்தரவின் அழகைக் காணப் போனேன். எண்ணாமல் எனக்கு நடக்கத் தெரியாது. முதல்முறை போனபோது அந்த வேளையில் மூன்று அடுப்பில்தான் நெருப்பு இருந்தது. இப்போது எட்டிப் பார்த்த வீட்டிலெல்லாம் இருந்தது. கேட்டு வாங்க வழியில்லாததால், காலையில் மூட்டியதை அணைக்காமல் உமியால் மூடிவிட்டு எல்லோரும் கரும்புக் கொல்லைக்குப் போயிருந்தார்கள். தீயைத் தடுக்க வந்த அதிகாரி நான், ஒரு தெரு முழுக்கத் தீ வளர்த்திருந்தேன்.

எண்ணி முடிப்பதற்குள் அஞ்சலை வீட்டு அடுப்படிக் கூரையில் புகை. நான் கத்தினேன். உள்ளே அடுத்த பட்டத்துக்கு வைத்திருந்த விதைநெல். அது போனால் அவளுக்கு அந்த வருஷ வெள்ளாமையே இல்லை. துறட்டியை மாட்டி இழுத்தேன்; கூரை என் தலைமேலேயே சரிந்தது.

"நீ ஒதுங்குய்யா மொதல்ல!" சத்தம் கேட்டுக் கொல்லையிலிருந்து ஓடிவந்த அஞ்சலை துறட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். மற்றவர்கள் குடங்களைக் கவிழ்த்தார்கள். அடுப்படி போயிற்று. விதைநெல் மூட்டை ஓரம் கருகி வெளியே வந்தது.

மூட்டைமேல் உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி சொன்னாள்: "கையில எடுத்துனு போற நெருப்புக்குக் கூடவே ஒரு ஆளு இருக்கும்யா. நீ ஆளில்லாத வூட்ல வெக்கச் சொல்லிட்ட."

மேர் எல்லாவற்றையும் கேட்டார். திட்டவில்லை.

"அங்க ஓடு போட்ட சாவடி ஒண்ணு சும்மா கெடக்குது. மழை வர்ற மட்டும் நீயே அங்க குந்திக்கினு நெருப்பு குடு."

குந்தினேன். ஊருக்கு ஒரே நெருப்பு, அதற்கு ஒரு குமாஸ்தா காவல். மூடியுள்ள சட்டி கொண்டுவந்தால்தான் கொடுப்பேன்; சமைத்ததும் அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைக்க வேண்டும். முதல் ஆளாக அஞ்சலை வந்தாள்: "மூடி இருக்குது, நல்லா பாத்துக்க. அப்புறம் உத்தரவு போடுவ."

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: எதையாவது கூடாது என்று சொல்லுமுன், மறுநாள் காலை அந்த வீட்டில் எப்படிச் சமைப்பார்கள் என்று யோசியுங்கள்.

அந்தக் கோடையில் வேறு கூரை எதுவும் எரியவில்லை. என் வேட்டி மட்டும் எரிந்தது. பதினொரு பொத்தல்.