ஒரு பாட்டை முழுசாகப் பாடிய நாள்

எங்கள் ஊர் மைக்கில் அறிவிப்பு சொல்கிறவன் நான்தான். காற்று ஏறினால் படகைக் கரையேற்றச் சொல்வேன், மீனுக்கு ஐஸ் வண்டி வந்தாலும் சொல்வேன். ஏரிக்கரை வரைக்கும் ஸ்பீக்கர் கட்டியிருக்கிறது. மற்ற நேரத்தில் பழைய சினிமாப் பாட்டு பாடும் மெல்லிசைக் குழுவில் பாடகன். ஒரு சோகப் பாட்டை முழுசாகப் பாடி நாலு பேர் கண்ணைக் கலங்க வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

முதல் கச்சேரி அம்மன் திருவிழாவில். கண்ணை மூடிக்கொண்டு முதல் வரியை உச்சத்தில் பிடித்தேன். திறந்தபோது பாதி நாற்காலி காலி. என் குரல் ஸ்பீக்கரில் வந்தாலே காற்று என்று பழகிய சனம், படகைக் கட்ட ஓடிவிட்டது. என்னைப் பெற்ற நைனாவும் ஓடினார். திரும்பி வந்து, "நீ பாடுனா புயல் எச்சரிக்கை மாதிரியே கீதுடா" என்றார்.

எனக்கு ஆத்திரம். அடுத்த கச்சேரியில் வேண்டுமென்றே பாட்டுக்கு நடுவே, "நண்டு வலை வச்சவங்க உடனே வந்து எடுத்துக்குங்க" என்று அதே ராகத்தில் அறிவித்தேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் பழவேற்காட்டுக் கல்யாணங்கள், பொன்னேரி மண்டபங்கள், செல்போன் வீடியோக்கள். காதல் பாட்டில் ஐஸ் வண்டி வரும், தாலாட்டில் டீசல் தீரும். பேனரில் என் படம்தான் பெரிது. முழுப் பாட்டு மட்டும் யாரும் கேட்கவில்லை.

போன வருடம் மறுபடி எங்கள் ஊர்த் திருவிழா. சாயங்காலம் பாட்டுக்கு நடுவே ஊர்த் தலைவர் மேடையேறி போனைக் காட்டினார். அரை மணியில் சூறைக்காற்றாம். அப்போது ஒரு இலைகூட அசையவில்லை.

"காத்து வருது, படக ஏத்துங்க" என்றேன். கைதட்டல். "நெசமாத்தான் சொல்றேன்" என்றேன். விசில்.

படகுகள் எல்லாம் தண்ணீரில் நின்றன, நைனாவுடையதும். வேறு வழி தெரியாமல் அந்தச் சோகப் பாட்டை எடுத்தேன். ஒரு சேட்டையும் இல்லாமல், ஒழுங்காக. இரண்டாவது வரியில் சிரிப்பு நின்றது. முன்வரிசையில் இருந்த மீன்கார அக்கா எழுந்து, "இன்னாடி இது, இவன் ஒழுங்கா பாடுறான்! நெசமாவே இன்னாவோ ஆயிடுச்சு" என்றாள். மொத்தக் கூட்டமும் கரைக்கு ஓடியது.

நைனா ஓடிக்கொண்டே திரும்பி, "நிறுத்திடாத, பாடு!" என்று கத்தினார்.

காலி நாற்காலிகளைப் பார்த்துக் கடைசிச் சரணம் வரை பாடினேன். அழுகை வந்தது. முடிக்கும்போது காற்றும் வந்தது.

நைனா நனைந்துபோய் வந்தார். "ஒரு படகும் அடிச்சினு போவல" என்றார். வேட்டியைப் பிழிந்துகொண்டே, "கரை ஸ்பீக்கர்ல முழுசா கேட்டேன்" என்றார்.