ஒதிலியாவின் நாக்கு

எல்லைப் பாலத்துக்கு இந்தப் பக்கம், கூகுத்தா நகரத்துக்குப் போகும் சாலையோரத்தில் கேன்களை அடுக்கி வைத்துப் பெட்ரோல் விற்கிறவர்கள் முப்பது பேர். அவர்களில் ஒதிலியாவிடம் மட்டும் கேன் கிடையாது. அவளிடம் இருந்தது நாக்கு.

வெனிசுவேலாவிலிருந்து மலிவுப் பெட்ரோலை டாங்க் நிறைய நிரப்பிக்கொண்டு கார்கள் வரும். ரப்பர் குழாயை டாங்குக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சுவாள். முதல் வாயைத் துப்பிவிட்டு "சுத்தம்" என்பாள், அல்லது "மண்ணெண்ணெய் கலந்திருக்கு" என்பாள். அதற்குப் பிறகுதான் கேன்காரர்களின் வரிசை வாங்கும். பதினோரு வருடமாக இப்படித்தான். ஈறு வெந்து போயிருந்தது. தலைவலியில்லாத நாள் எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. ஆனால் மகள் யுலேய்மா நர்சிங் படிப்பது அந்த நாக்கை நம்பித்தான்.

ஏழு மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் வைத்த சூப்பை மகள் துப்பினாள்.

"என்னம்மா, உப்பை அள்ளிக் கொட்டியிருக்க?"

ஒதிலியா தன் கிண்ணத்தைக் குடித்து முடித்திருந்தாள். வெந்நீர் குடித்த மாதிரிதான் இருந்தது. அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. நாக்கு போய்விட்டது, கூடவே மூக்கும்.

யாரிடமும் சொல்லவில்லை. வேறொரு வழி கண்டுபிடித்தாள். குழாயை வாயில் வைத்தபடி டிரைவரைக் கவனிப்பாள். கலக்காதவன் பாலத்தைப் பார்ப்பான், சிகரெட்டைத் தேடுவான். கலந்தவன் அவள் வாயையே பார்ப்பான். ஏழு மாதத்தில் ஒரு முறைகூடத் தவறவில்லை. இதுவும் ஒரு திறமைதானே என்று சில சமயம் தனக்குத்தானே கேட்டுக்கொள்வாள். 

போன வாரம் பெட்ரோல் கொண்டுவந்த ஃபெர்மின் என்ற டிரைவர் அவள் வாயையே பார்த்தான். "மண்ணெண்ணெய்" என்றாள். மொத்த வரிசையும் அவனைத் திருப்பி அனுப்பியது.

இன்று மத்தியானம் அவன் ஒரு கைக்குட்டையோடு வந்தான்.

"அக்கா நாக்கு மேல எனக்குச் சந்தேகமே இல்லப்பா. கண்ணு மேலதான் சந்தேகம். ஒரு தடவ கட்டிட்டுச் சொல்லட்டுமே."

"கட்டுங்கடா," என்றாள் ஒதிலியா. மறுத்தால் அப்போதே எல்லாம் முடிந்துவிடும்.

முதல் கோப்பை வந்தது. வாயில் ஊற்றினாள். எரிந்தது. அவளுக்குத் தெரிந்தது எரிச்சல் மட்டும்தான். துப்பினாள்.

"சுத்தமான பெட்ரோல்."

ஒரு நொடி கழித்து வரிசை முழுக்கச் சிரிப்பு வெடித்தது.

"சோம்புச் சாராயம்க்கா அது. என் மாமனார் காச்சினது. அவர் கேட்டா அழுதுடுவாரு," என்றான் ஃபெர்மின்.

"ஏம்பா, இவ்வளவு நாளா நம்மள என்ன வாங்க வெச்சிருக்கா இவ?" என்றது இன்னொரு குரல்.

ஒதிலியா கண்கட்டை அவிழ்க்கவில்லை. கையை நீட்டினாள். "இன்னொண்ணு குடு."

கொடுத்தார்கள். இந்த முறை துப்பவில்லை, விழுங்கினாள். நிதானமாகச் சொன்னாள்: "மண்ணெண்ணெய் கலந்திருக்கு."

சிரிப்பு நின்றது. "ஏய், முழுங்கிட்டாப்பா," என்று யாரோ கத்தினார்கள். ஃபெர்மின்தான் முதலில் ஓடி வந்தான். "பால் கொண்டாங்கடா." அவளைக் கொல்லும் எண்ணம் அவனுக்கு இருந்ததில்லை.

பெட்ரோல் உள்ளே போனால் பாலும் விரலும்தான் அந்தச் சாலையின் வைத்தியம். போன மாதம்தான் யுலேய்மா சொல்லியிருந்தாள்: "முழுங்கிட்டா வாந்தி மட்டும் எடுக்க வைக்கக் கூடாதும்மா. மேல வரும்போதுதான் அது நுரையீரலுக்குள்ள போகும். ஆளையே கொன்னுடும்." ஒதிலியா அப்போது சிரித்தாள்.

இப்போது அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்குள் பாலை ஊற்றினார்கள். தலையை அசைத்தாள். இரண்டு பேர் தலையைப் பிடித்துக்கொண்டார்கள். ஃபெர்மினின் விரல் தொண்டைக்குள் போனது. கடித்தாள். "கடிச்சா கடிச்சுக்கக்கா, பரவால்ல," என்று அவன் இன்னும் உள்ளே விட்டான். வந்தது. வாந்தியில் பாதி சாலையில் விழுந்தது. மீதி எங்கே போனது என்று அவளுக்கு மட்டும் தெரிந்தது. நெஞ்சுக்குள் யாரோ தீக்குச்சி கிழித்த மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உதடு நீலம் பாரித்துக் கிடந்தாள். சீருடையோடு ஓடி வந்த யுலேய்மா, வாசலில் நின்றவர்களிடம் கேட்டாள்.

"வாந்தி எடுக்க வெச்சது யாரு?"

"நான்தாம்மா." ஃபெர்மின் துணி சுற்றிய விரலைக் காட்டினான். "ஒரு சொட்டு விடாம வெளிய எடுத்துட்டேன்."

யுலேய்மா அவனையே பார்த்தாள். உள்ளே வந்து குனிந்தாள். ஒதிலியா ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கி, ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்துச் சொன்னாள்.

"ரெண்டாவது கோப்பை... நான் சொன்னது சரியான்னு... அவனக் கேளு."

யுலேய்மா வெளியே போய்க் கேட்டாள். ஃபெர்மின் நெற்றியைச் சொறிந்தான்.

"பக்கத்துல இருந்த கேன்லருந்து ஊத்தினேன். அது யாரு கேன்னு, கலந்ததா இல்லையான்னு யாரு பாத்தா?"

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஒதிலியா மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். யுலேய்மா திரும்பி வந்து, "சரிதாம்மா," என்றாள். சொல்லும்போது அவள் கண் அம்மாவின் வாயையே பார்த்தது.