பெர்லினில் ஏறிய புரை

மகளைப் பார்க்க மன்னார்குடியிலிருந்து பெர்லினுக்குப் போயிருந்தேன். ஹாரன் சத்தமே இல்லாத ஊர். ஆனால் ரயிலில் ஒருவரும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை. கல்நெஞ்சுக்காரர்கள் என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் ஓட்டலில் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி, நம் வழக்கப்படி அண்ணாந்து ஊற்றினேன். அது சோடா! புரை ஏறி, பக்கத்து மேசை அம்மாளின் கோட் முழுக்கத் தெறித்தது. திட்டப்போகிறார் என்று பயந்தேன். அவரோ எழுந்து வந்து, இருமல் அடங்கும்வரை என் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார்.

“கேஸ் இல்லாத தண்ணின்னு கேட்டு வாங்கணும்மா,” என்று மகள் சிரித்தாள்.

சாயங்காலம் ஊரிலிருந்த கணவரை போனில் கூப்பிட்டேன்.

“மத்தியானம் எனக்குப் புரை ஏறிச்சு. நீங்க நினைச்சீங்களா?”

“நடவு நடக்குற நாள்ல உன்னை எங்க நினைக்கிறது?”

அப்படியானால் என்னை நினைத்தது நனைந்த கோட்டோடு நின்ற அந்த அம்மாள்தான் என்று வைத்துக்கொண்டேன்.