பக்கத்துச் செல்

ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் சதைத் துணுக்குகளை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றிச் சாயம் தோய்ப்பது அக்காவின் வேலை. சாயம் சரியாகப் பிடித்ததா என்று நுண்ணோக்கியில் பார்த்து டாக்டருக்கு அனுப்பிவிட்டால் அவள் பொறுப்பு தீர்ந்தது. நோயின் பெயரை எழுத வேண்டியவர் அவர்.

அன்று வந்தது தம்பியின் நாக்கிலிருந்து எடுத்த துணுக்கு. அவன் காய்கறிச் சந்தையில் ஏலம் கூறுபவன். வாய் ஓயாததால் சந்தைக்கே 'ரேடியோ'.

செல்களின் உட்கரு கறுத்து, ஊதி, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகத் தாறுமாறாகக் கிடந்தது. கருமையைக் கண்டால் முதலில் சாயத்தைச் சந்தேகப்படுவது அந்த மேஜையின் வழக்கம். உடனே பக்கத்துச் செல்லைப் பார்ப்பார்கள். அதுவும் கறுத்திருந்தால் சாயம் கூடிவிட்டது. இல்லையென்றால் கோளாறு செல்லில்தான். பக்கத்துச் செல்கள் செங்கல் அடுக்கியதுபோல் அடக்கமாக இருந்தன. நல்ல செல் தேவைக்குப் பெருகும், போதுமென்றால் நிற்கும், காலம் முடிந்தால் சாகும். இவற்றுக்கு நிற்கவும் தெரியவில்லை, சாகவும் தெரியவில்லை. எல்லை தாண்டி உள்ளே இறங்கியிருந்தன.

தகட்டை அனுப்பிவிட்டு வீடு திரும்பினாள். தம்பி வாசலிலேயே மறித்தான்.

"என்னக்கா, ரேடியோவை மூடச் சொல்லிட்டாங்களா?"

"சும்மா இருடா. சாயம் கூடிப்போச்சு. மறுபடி பாக்கணும்."

"அப்ப பயமில்லையே?"

"சாயம்தான்டா."

அவனுக்கு அது போதும். சந்தையில் சரக்கு குவியும் காலம் வேறு. டாக்டர் உள்ளதை உள்ளபடி எழுதிய முடிவு, வாங்க ஆளில்லாமல் கிடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோதும், "எங்கக்கா அங்கதாங்க இருக்கா, அவ பாத்துக்குவா" என்று வைத்துவிட்டான். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று அக்காவும் கடத்தினாள்.

கழுத்தில் கட்டி தட்டுப்பட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தான். "அப்பவே வந்திருந்தா ஓரத்துல கொஞ்சம் எடுத்திருப்போம். பேச்சு தங்கியிருக்கும்" என்றார் அறுவைச் சிகிச்சை டாக்டர். நாக்கை முழுதாக எடுத்தார்கள்.

கட்டிலருகே தம்பி மனைவி நிமிராமலே சொன்னாள்: "நீங்க நல்லதுதான் நினைச்சீங்க அண்ணி. அதையே சொல்லிச் சொல்லி மனசைத் தேத்திக்கங்க."

தம்பியின் உதடு வேகமாக அசைந்தது. மனைவியை அடக்கினானா, அக்காவை ஏசினானா, தெரியவில்லை. எழுதிக் காட்டச் சொல்லி அக்காவும் கேட்கவில்லை.