பூசணியைப் பிரித்த லூயெல்லா

லூயெல்லா ப்ரஸ்கிக்கு வாய் மட்டும் கொஞ்சம் அடங்கியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. போன வருஷம் அக்டோபரில் கார் பந்தயக் கிளப்பின் வருஷக் கடைசி விருந்தில், உருளைக்கிழங்கு சாலட்டையும் பன்றி வறுவலையும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஆர்விட் தோர்சன் வழக்கம்போல முதல் பரிசுக் கோப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவளைத் தாண்டிப் போனான். போகிற போக்கில் கண்ணை வேறு சிமிட்டினான். அவ்வளவுதான், இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்துவிட்டது. எழுந்து நின்று அத்தனை பேர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டாள்:

"அடுத்த வருஷக் கடைசிப் பந்தயத்துலயும் இந்த ஆளு என்னை ஜெயிச்சுட்டான்னா, என் காரை இவனுக்கே வித்துட்டு நான் தக்காளிச் செடி வைக்கப் போறேன்."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ஆர்விட் கேக்கை மென்றபடியே, சரி என்று தலையாட்டினான். அவளுடைய சிவப்புக் காரின் மேல் அவனுக்கு இருந்த கண் ஊரறிந்த விஷயம். வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் லூயெல்லாவுக்குச் சொன்னது உறைத்தது. சொன்ன சொல்லை மாற்றிப் பேசலாம்தான், ஆனால் அப்புறம் அந்தக் கிளப்பில் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு நிற்பது?

எங்கள் விஸ்கான்சின் பக்கத்தில் லூயெல்லாவைத் தெரியாதவர்கள் கிடையாது. கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகத்துக்காகக் குளிர்காலத்தில் பனி வாரும் லாரி ஓட்டுகிறவள். பொம்பளையை நம்பி அந்த லாரியைக் கொடுப்பதா என்று மேலதிகாரிகள் முதலில் இழுத்தடித்தார்கள். இவள் விடவில்லை, நச்சரித்து நச்சரித்தே வேலையை வாங்கினாள். வாங்கிய முதல் குளிர்காலத்திலேயே ஒரு சாலையோரத்தில் கம்பம் நட்டு வரிசையாக வைத்திருந்த வீட்டுத் தபால் பெட்டிகளைப் பனியோடு பனியாக வாரிப் பள்ளத்தில் தள்ளிவிட்டாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் தபால்பெட்டி லூயெல்லா. இன்றைக்கு அறுபதை நெருங்குகிறாள். அவ்வளவு பெரிய லாரியைப் பனியில் வழுக்கவிட்டு நிமிர்த்துவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. பெயர் மட்டும் போகமாட்டேன் என்கிறது.

கார் வந்த கதை தனி. பல் டாக்டர் ஒருவரின் மனைவி, விவாகரத்துக் கோபத்தில், புருஷன் ஆசை ஆசையாகத் துடைத்து வைத்திருந்த ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டாள். அந்த நேரம் பார்த்து அந்தத் தெருவில் போய்க்கொண்டிருந்தவள் லூயெல்லா. அதற்கப்புறம் அவளுக்கு ஒரு கல்யாணம் நடந்தது, முறிந்தும் போனது. கார் மட்டும் கூடவே நின்றது. அவள் அதனோடு பேசுவாள், திட்டுவாள், மழையில் நனைந்தால் தன் சட்டையைக் கழற்றித் துடைப்பாள். இதை விற்றுவிட்டுத் தக்காளி வளர்ப்பாளாம்!

பந்தயம் என்றால் பெரிய மைதானம் எதுவும் இல்லை. கண்காட்சித் திடலின் காலியான கார் நிறுத்துமிடத்தில் ஆரஞ்சு நிற ரப்பர் கோன்களை வளைத்து வளைத்து வைப்பார்கள். ஒவ்வொரு காராக அந்தச் சந்துபொந்துகளில் புகுந்து வரவேண்டும். யார் சீக்கிரம் வருகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. ஒரு கோனைத் தட்டினால் நேரத்தோடு ரெண்டு விநாடி சேர்த்துவிடுவார்கள். நட்டு வைத்தது எதையும் விடமாட்டாள் என்று லூயெல்லாவைப் பற்றிக் கிண்டல் பண்ணுவதற்கு ஏற்ற விளையாட்டு.

இந்த வருஷம் கோடைக்காலம் முடியும்போது கார் மக்கர் பண்ண ஆரம்பித்தது. வளைவில் திரும்பி ஆக்சிலேட்டரை அழுத்தினால் வளைவின் உள்பக்கத்துப் பின்சக்கரம் மட்டும் சும்மா சுற்றிப் புகை விட்டது. கார் நகரவில்லை. தரையில் ஒரே ஒரு கருப்புக் கோடு விழுந்தது. ரெண்டு பின்சக்கரத்துக்கும் நடுவில் உருண்டையாக ஒரு இரும்புப் பெட்டி இருக்கிறதே, டிஃபரென்ஷியல், எங்கள் ஊர் மெக்கானிக்குகள் அதைப் பூசணி என்பார்கள். இந்த ரகக் காரின் பூசணிக்குள் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறுக்கி வைத்திருப்பார்கள். ஒரு சக்கரம் தனியாகச் சுற்ற முயன்றால் அந்தத் தகடுகள் பிடித்து இழுத்து மற்றதையும் வேலை வாங்கும். லூயெல்லாவின் தகடுகள் தேய்ந்து, பிடிக்கிற குணமே போய்விட்டது.

அதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவனே ஆர்விட்தான். பால் டேங்கர் ஓட்டுகிறவன், சக்கரம் வழுக்குகிற சத்தம் அவனுக்குத் தூக்கத்திலும் தெரியும்.

"உன் பூசணி செத்துப்போச்சு, மகாராணி."

"உனக்குக் கொண்டாட்டமா இருக்குமே."

"எனக்கென்ன கொண்டாட்டம்? ஒடஞ்ச காரை ஜெயிச்சவன்னு சாகுற வரைக்கும் ஓட்டுவானுங்க. வியாழக்கிழமை லீவு போடு, பிரிச்சு மாட்டிடலாம். நாளைக்கு எனக்கு வரப்போற வண்டிதானே, நல்லா இருக்கட்டும்."

எங்கள் கிளப்பில் இது வழக்கம்தான். திடலில் ஒருத்தனை ஒருத்தன் கடித்துக் குதறுவார்கள், அவன் வண்டி படுத்துவிட்டால் ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு முதலில் போய் நிற்பதும் அவர்களேதான். லூயெல்லா வாங்கிய புதுத் தகடுகளை முந்தின நாளே எண்ணெயில் ஊறப்போட்டாள். காய்ந்த தகட்டை அப்படியே மாட்டினால் கருகிவிடும். ஊறப்போட வீட்டில் அகலமான பாத்திரம் ஒன்றுதான் இருந்தது.

"இது நவம்பர்ல நன்றி நாள் விருந்துக்கு வான்கோழி வறுக்கிற தட்டுல்ல?" என்றான் ஆர்விட், வியாழக்கிழமை காலை வந்ததும். "இந்த வருஷம் கோழிக்கு என்ன பண்ணுவே?"

"உன் வீட்டுக்குச் சாப்பிட வருவேன்," என்றாள்.

பூசணியை இறக்கி மேஜையில் வைத்துப் பிரித்தார்கள். உள்ளே பழைய தகடுகள் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருந்தன, சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. லூயெல்லா ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, பாவம் என்றாள். புதுத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கும்போது சண்டை ஆரம்பித்தது. இறுக்கத்துக்கு இன்னொரு மெல்லிய வளையம் போடவேண்டும் என்றான் அவன். போட்டால் வளைவில் வண்டி திரும்பாமல் நேராகப் போகும் என்றாள் இவள். அடுக்கினார்கள், பிரித்தார்கள், மறுபடி அடுக்கினார்கள். கடைசியில் இவள் சொன்னபடியே ஆனது, கார் இன்னும் இவளுடையதுதானே. மாட்டிவிட்டு ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, நீளமான ஸ்பானரைப் போட்டுத் திருப்பிப் பார்த்தார்கள். தம் பிடித்துத் தொங்கினால்தான் அசைந்தது, தகடுகள் அப்படிப் பிடித்திருந்தன. ரெண்டு பேரும் குழந்தைகள் மாதிரிக் குதித்தார்கள்.

எண்ணெய் ஊற்றும்போதுதான் அந்தக் கூத்து நடந்தது. அந்த எண்ணெயில் வழுவழுப்பு மருந்து ஒரு சின்ன பாட்டில் கலக்கவேண்டும், இல்லாவிட்டால் தகடுகள் திரும்பும்போதெல்லாம் கடகடவென்று கத்தும். கூடிப்போனாலும் ஆபத்து, தகடு பிடிக்காமல் வழுக்கிவிடும். இவள் சாண்ட்விச் எடுத்துவர உள்ளே போயிருந்த நேரத்தில் ஆர்விட் ஊற்றினான். அவன் கை கழுவப் போன நேரத்தில் இவள் ஊற்றினாள். ஒருத்தரும் மற்றவரிடம் மூச்சு விடவில்லை. பாவம், மறந்துட்டா, சொன்னா ரோஷப்படுவா என்று அவன் நினைத்தான். இவளும் அச்சு அசல் அதையேதான் நினைத்தாள்.

புதுத் தகடுகள் படிய, மெதுவாக எட்டு போடவேண்டும். அதற்குத் தோதான அகலமான இடம் தேவாலயத்து வாசல்தான். மறுநாள் வெள்ளிக்கிழமை, தேவாலயத்தில் ஊருக்கே மீன் வறுவல் விருந்து. ஊரே வாசலில் வரிசையில் நிற்க, லூயெல்லா காரில் இந்தப் பக்கம் ஒரு எட்டு, அந்தப் பக்கம் ஒரு எட்டு என்று போட ஆரம்பித்தாள். பக்கத்து சீட்டில் ஆர்விட் கண்ணை மூடி, காதைத் தீட்டி உட்கார்ந்திருந்தான். வரிசையில் நின்றவர்கள் அவள் சுற்றி வரும்போதெல்லாம் கைதட்டினார்கள். ஃபாதர் ரைன்ஹார்ட் வெளியே வந்து பார்த்துவிட்டு, தேவாலயத்துத் தபால் பெட்டி புதுசு, பார்த்துப் போம்மா என்று சொல்லிவிட்டுப் போனார். எட்டுகளை முடித்து, ஒரு வளைவில் வேகமாக அழுத்திப் பார்த்தாள். உள்சக்கரம் வழுக்கியது. தரையில் பழையபடி ஒற்றைக் கோடு.

லூயெல்லா காரை நிறுத்தினாள். கண்காட்சித் திடலும், கைதட்டலும், தக்காளிச் செடியும் ஒரே சமயத்தில் கண்முன் வந்தன. ஆர்விட் கண்ணைத் திறந்தான்.

"மருந்து ஊத்தினது நான்தான்," என்றான் மெதுவாக. "நீ மறந்துட்டேன்னு நெனச்சு."

"யோவ், நானும் ஊத்தினேன்யா."

அப்புறம் வந்தது பாருங்கள் சிரிப்பு, கார் குலுங்கியது. சிரித்து முடித்துவிட்டு மீன் வாங்க இறங்கிப் போனார்கள். அந்த எண்ணெய் நாற்றம் இருக்கிறதே, அழுகின முட்டை தோற்றுவிடும். ரெண்டு பேர் மேலும் முந்தின நாளிலிருந்து அது ஊறிக்கிடந்தது. வரிசை தானாக விலகி வழிவிட்டது, முதல் தட்டு அவர்களுக்குத்தான். மறுநாள் பகலில் எண்ணெயை வடித்துப் புதுசு நிரப்பினார்கள். மருந்து பாட்டிலை ஒருத்தரை நம்பி ஒருத்தர் விடவில்லை, கல்யாணக் கேக் வெட்டுகிற மாதிரி நாலு கையும் சேர்ந்தே ஊற்றியது. எட்டுகளையும் மறுபடி போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வருஷக் கடைசிப் பந்தயம். எங்கள் கிளப்பில் பாதிப் பேர் ஓட்டும்போது மீதிப் பேர் திடலில் நின்று, விழுந்த கோன்களைத் தூக்கி வைக்கவேண்டும். அதில் யாருக்கும் விலக்கு கிடையாது. காலையில் ஆர்விட் ஓட்டினான், பிரமாதமாக ஓட்டினான். மத்தியானம் லூயெல்லாவின் முறை வந்தபோது அவனைக் கடைசி வளைவில் கையில் கொடியோடு நிறுத்தியிருந்தார்கள்.

ஒவ்வொருத்தருக்கும் மூன்று வாய்ப்பு. முதலாவதில் ஒரு கோனை வீசியே அடித்தாள், கூட்டம் "தபால்பெட்டி" என்று கூவியது. ரெண்டாவதில் பயந்து பயந்து ஓட்டி நேரத்தைக் கோட்டைவிட்டாள். மூன்றாவதில், போடா, போனா போகட்டும் என்று விட்டாள் பாருங்கள். வளைவுக்கு வளைவு ரெண்டு பின்சக்கரமும் ஒன்றாகத் தரையைக் கவ்விக் காரை முன்னால் எறிந்தன. உள்ளே அவள் என்ன கத்துகிறோம் என்று தெரியாமல் கத்திக்கொண்டு வந்தாள். கடைசி வளைவில் காரின் பின்பக்கம் லேசாக ஒரு கோனை உரசியது. உரசியது அவளுக்கே கேட்டது.

ஒலிபெருக்கியில் நேரத்தைச் சொன்னார்கள், ஆர்விட்டை விட ஒரு கண்ணிமைப்பு முந்தியிருந்தாள். ஆனால் அந்தக் கோன்? கோனைச் சுற்றிச் சாக்பீஸால் கட்டம் போட்டிருப்பார்கள். நகர்ந்த கோனின் அடி அந்தக் கோட்டை இம்மியாவது தொட்டுக்கொண்டிருந்தால் குற்றமில்லை. தாண்டிவிட்டால் ரெண்டு விநாடி, காரும் போச்சு. அங்கே நின்றவன் ஆர்விட் ஒருத்தன்தான், பக்கத்தில் வேறு யாரும் இல்லை. அவன் முட்டிபோட்டுப் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டுத் தார்த் தரையில் குப்புறப் படுத்தே பார்த்தான். எழுந்து, ரெண்டு கையையும் பக்கவாட்டில் அகலமாக விரித்து ஆட்டினான். குற்றமில்லை.

திடல் அதிர்ந்தது. லூயெல்லா காரிலிருந்து இறங்கி, யார் கட்டிப்பிடிக்க வந்தாலும் தள்ளிவிட்டுவிட்டு நேராக அவனிடம் ஓடினாள்.

"நெஜமாவே தொட்டுச்சா?"

அவன் தன் காலடியில் தரையைக் காட்டினான். கோனைத் தூக்கிப் பழைய இடத்தில் வைப்பதற்கு முன்னால் அது நின்ற இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் வரைந்து வைத்திருந்தான். பழைய கட்டமும் புதுக் கட்டமும் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. நகத்தளவு இருக்கும். அதற்குப் பக்கத்திலேயே அவள் சக்கரங்கள் போட்ட கோடுகள் இருந்தன. கருகருவென்று, ஜோடியாக, ரெண்டு கோடுகள்.

"தொடலைன்னு சொல்லியிருந்தா கார் உனக்கு," என்றாள்.

"சொல்லிட்டு? தினம் அதுல ஏறும்போதெல்லாம் இந்தக் கோன் கண்ணு முன்னால வந்து நிக்கும். நீதான் நட்டு வச்சதை இடிச்சுப் பழகினவ, எனக்கு அது வராது."

அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். கையிலிருந்த சாவியை அவன் நெஞ்சில் விட்டெறிந்து, கொடியைப் பிடுங்கிக்கொண்டாள். பந்தயம் முடிந்தால் சாயங்காலம் வரை யார் வண்டியை யாரும் ஓட்டலாம், அதுவும் எங்கள் வழக்கம். இத்தனை வருஷமும் அவள் அந்தச் சாவியை மட்டும் யாரிடமும் கொடுத்ததில்லை. ஆர்விட் அந்தச் சிவப்புக் காரில் ஏறி, பள்ளிக்கூடம் விட்ட பையன் மாதிரி ஊளையிட்டுக்கொண்டு திடலைச் சுற்றினான். லூயெல்லா கடைசி வளைவில் நின்று, அவன் இடித்துத் தள்ளிய கோன்களை ஒவ்வொன்றாக ஓடி ஓடித் தூக்கி வைத்தாள். தூக்கும்போதெல்லாம் "தபால்பெட்டி ஆர்விட்" என்று கத்தினாள்.

அவன் திரும்பி வந்து நிறுத்தினான், இறங்கவில்லை. ஸ்டீயரிங்கை ரெண்டு கையாலும் பிடித்தபடியே இருந்தான்.

"இறங்குய்யா," என்றாள்.

"நன்றி நாளுக்கு வர்றேன்னு சொன்னியே, வருவியா?"

"வர்றேன். நான் கொண்டு வர்ற தட்டு எண்ணெய் நாறும், பரவாயில்லையா?"

"நீ இந்தக் கார்லயே வா," என்றான் ஆர்விட். "நல்ல தட்டு எங்கிட்டயே இருக்கு."